பாட்டு வலது கதவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா? கார் ஸ்பீக்கர்களுக்கு டைம் அலைன்மென்ட் செய்யும் முறை

நல்ல காம்பொனென்ட் செட் (உயர் ஒலிக்கு ட்வீட்டர், மற்றதற்கு வூஃபர் என்று தனித்தனி ஸ்பீக்கர்கள்), ஆம்ப், டிக்கியில் தாழ் ஒலிக்கான சப்வூஃபர் எல்லாம் போட்ட பிறகும் பாடகரின் குரல் வலது முழங்கால் பக்கத்திலிருந்தே வருகிறது என்றால், குறை ஸ்பீக்கரில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லா இடத்திலும் ஸ்டீயரிங் வலப்பக்கம். ஓட்டுபவரின் தலைக்கு வலது கதவு ஸ்பீக்கர் பக்கத்தில் இருக்கும், இடது கதவு ஸ்பீக்கர் எட்டி இருக்கும். ஒரு சாதாரண ஹேட்ச்பேக்கில் இரண்டுக்கும் 40 முதல் 45 செ.மீ. வித்தியாசம் வரும். வலது பக்க ஒலி முதலில் வந்துவிடுவதால் பாட்டு முழுவதும் அங்கேயே நடப்பதாகக் காது முடிவு செய்துவிடுகிறது.

பக்கத்து ஸ்பீக்கரைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் தலையை அடையச் செய்வதுதான் டைம் அலைன்மென்ட். டேப்பால் அளந்து எண்களைப் போட்டதும் வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். டேப் தருவது தொடக்கப் புள்ளி மட்டும்தான். ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாகக் கேட்டுத் திருத்துவதில்தான் மீதி இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் சப்வூஃபர் வேலை.

பேலன்ஸைத் திருகினால் போதாதா?

25 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 346 மீட்டர் போகும். அதாவது ஒரு மில்லி விநாடிக்கு 34.6 செ.மீ. 43 செ.மீ. வித்தியாசம் என்றால் 1.24 மில்லி விநாடி. நேர் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலிகூட நம் இரண்டு காதுகளையும் 0.6, 0.7 மில்லி விநாடி இடைவெளியில்தான் அடைகிறது. கார் உண்டாக்கும் வித்தியாசம் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் குரல் கொஞ்சம் வலப்பக்கம் சாய்வதோடு நிற்காமல், முழுவதுமாக வலது கதவுக்கே போய்விடுகிறது. முதலில் வந்த ஒலியின் திசையையே மூளை நம்பும் இந்தப் பழக்கத்தை ஒலியியலில் ஹாஸ் விளைவு என்பார்கள்.

இன்னொரு சேதமும் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே குரல் ஒலிக்கும்போது, 43 செ.மீ. என்பது 400 ஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளம். அந்த இடத்தில் இடதும் வலதும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். ஆண் குரல் மெலிந்து, உள்ளீடு இல்லாமல் கேட்பதற்கு இது ஒரு காரணம். பேலன்ஸை இடப்பக்கம் திருகினால் ஒலியளவு மாறுமே தவிர, நேரம் மாறாது. ஈக்வலைசரில் 400 ஹெர்ட்ஸை ஏற்றினாலும் பலன் இல்லை, ஏற்றிய அளவும் சேர்ந்தே வெட்டுப்படும்.

தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

போலாரிட்டி முதலில். ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் எந்த டிலேயும் (தாமதமும்) அதைச் சரிசெய்யாது. சந்தேகம் இருந்தால் ஸ்பீக்கர் வயரை ஆம்பிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். பேட்டரி பிளஸ், வயரின் பிளஸ்ஸில் படும்போது கூம்பு வெளியே வர வேண்டும், உள்ளே போனால் வயர் மாறியிருக்கிறது. இந்தச் சோதனை வூஃபருக்கும் சப்வூஃபருக்கும் மட்டும். ட்வீட்டரில் அசைவு கண்ணுக்குத் தெரியாது, வீணாக அதைப் பேட்டரியில் மாட்ட வேண்டாம்.

அடுத்து கிராஸ்ஓவர், அதாவது எந்த ஸ்பீக்கருக்கு எந்த அலைவரிசை என்று ஒலியைப் பிரித்து அனுப்பும் ஃபில்டர்கள். டிலேவுக்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். ஃபில்டர் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒலியைத் தாமதப்படுத்துவதால், பின்னால் கிராஸ்ஓவரை மாற்றினால் டைமிங்கை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டிவரும். 6.5 இன்ச் கதவு வூஃபரும் சப்வூஃபரும் உள்ள செட்டுக்கு, சப் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ், வூஃபர் 80க்கு மேல், ட்வீட்டர் 3,500க்கு மேல், எல்லாம் ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவில் என்று தொடங்கலாம். ட்வீட்டரின் கீழ் எல்லையை உங்கள் செட்டுடன் வந்த தாளைப் பார்த்து வையுங்கள். சின்ன ட்வீட்டரை 2,000 வரை இறக்கினால் சத்தம் கூட்டும்போது கருகிவிடும்.

பிறகு ஹெட் யூனிட்டில் (டேஷ்போர்டு ஸ்டீரியோவில்) பேலன்ஸ் பூஜ்யம், ஈக்வலைசர் ஃபிளாட், லவுட்னஸ், பாஸ் பூஸ்ட், சரவுண்ட் எல்லாம் ஆஃப். போனில் டால்பி மாதிரி எஃபெக்ட் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். பின்சீட் ஸ்பீக்கர்களை ஃபேடரால் முழுக்க அணைத்துவிடுங்கள். கடைசியில் வேண்டுமானால் மெல்ல ஏற்றிக்கொள்ளலாம், முன்பக்கத்துக்காகச் செய்யும் டியூனிங்குக்கு அவை இடைஞ்சல்தான். கம்பெனியே ஆம்ப் வைத்துக் கொடுத்த பிரீமியம் சிஸ்டமா? அதற்குள்ளேயே ஒரு டிலே ஏற்கெனவே இருக்கக்கூடும். அந்த ஆம்பின் அவுட்புட்டிலிருந்து சிக்னல் எடுத்துப் புது டிஎஸ்பிக்கு (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் கருவிக்கு) கொடுத்திருந்தால், டேப் அளவு எதுவும் பொருந்தாது. அப்படிப்பட்ட காரில் மைக் வைத்து அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உங்கள் சிஸ்டத்தில் எத்தனை சேனல் என்பதும் முக்கியம். பாசிவ் கிராஸ்ஓவர் பெட்டி போட்ட காம்பொனென்ட் செட்டில் ட்வீட்டரும் வூஃபரும் ஒரே சேனல், அவற்றுக்குத் தனித்தனி டிலே கொடுக்க முடியாது. அப்போது வூஃபர் தூரத்தை வைத்தே எண் போடுங்கள். பெரிதாக ஒன்றும் இழப்பில்லை. பெரும்பாலான கார்களில் இடது வலது வித்தியாசம் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும், கீழே உள்ள கணக்கிலேயே அதைப் பார்க்கலாம். ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப் சேனல் உள்ள ஆக்டிவ் செட்டாக இருந்தால்தான் நுணுக்கமான வேலைக்கு இடம் உண்டு.

அளத்தல்

சீட்டை வழக்கமாக ஓட்டும் நிலையில் வையுங்கள். உங்கள் உயரமுள்ள ஒருவர் சீட்டில் உட்கார, இன்னொருவர் அளந்தால் சுலபம். எல்லா அளவும் ஒரே புள்ளிக்கு: இரண்டு காதுக்கும் நடுவே, தலையின் மையம். டேப்பைத் தலைக்குள் விட முடியாது என்பதால், ஹெட்ரெஸ்ட்டுக்கு முன்னால் காது உயரத்தில் ஒரு குச்சியையோ கேமரா ஸ்டாண்டின் முனையையோ நிறுத்தி, சீட்டைக் காலியாக வைத்து அளப்பது இன்னும் துல்லியம். ஒரு ஸ்பீக்கருக்கு மூக்கு வரை, இன்னொன்றுக்குக் காது வரை என்று மாற்றி அளந்தால் 10 செ.மீ. பிழை நுழைந்துவிடும்.

ஸ்பீக்கர் பக்கம், கூம்பின் மையத்திலிருந்து அளக்க வேண்டும், கிரில்லின் ஓரத்திலிருந்து அல்ல. ஸ்டீயரிங் நடுவே வந்தாலும் டேப்பை நேர்கோட்டில் பிடியுங்கள். சப்வூஃபர் டிக்கியில் பின்பக்கம் பார்த்து இருந்தால் இப்போதைக்குப் பெட்டியின் வாயிலிருந்து தோராயமாக அளந்தால் போதும், அந்த எண் எப்படியும் மாறப்போகிறது.

ஒரு ஹேட்ச்பேக்கில் இப்படி வரலாம்:

வலது ட்வீட்டர் 78 செ.மீ.
வலது வூஃபர் 92 செ.மீ.
இடது ட்வீட்டர் 122 செ.மீ.
இடது வூஃபர் 135 செ.மீ.
சப்வூஃபர் 165 செ.மீ.

இருப்பதிலேயே அதிகமான தூரத்திலிருந்து ஒவ்வொரு தூரத்தையும் கழித்து, 34.6 ஆல் வகுத்தால் அதன் டிலே மில்லி விநாடியில் கிடைக்கும். சப்புக்கு 0. இடது வூஃபருக்கு 165 கழித்தல் 135, அதாவது 30, வகுத்தால் 0.87. இடது ட்வீட்டர் 1.24, வலது வூஃபர் 2.11, வலது ட்வீட்டர் 2.51. பக்கத்தில் இருப்பதற்குத்தான் பெரிய எண்.

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். சில ஹெட் யூனிட்கள் டிலேயைக் கேட்கும், சில தூரத்தைக் கேட்கும். தூரம் கேட்பதில் 78, 92 என்று அளந்ததை அப்படியே போட வேண்டும், கழித்தல் கணக்கை அதுவே செய்துகொள்ளும். டிலே கேட்கும் மெனுவில் தூரக் கணக்கின்படி பக்கத்து ஸ்பீக்கருக்குச் சின்ன எண்ணைப் போட்டால் எல்லாம் தலைகீழாகி, குரல் முன்பைவிட அழுத்தமாக வலப்பக்கம் போகும். எது எந்த வகை என்று தெரியாவிட்டால், வலது வூஃபரின் எண்ணை மட்டும் அதன் உச்சத்துக்கு ஏற்றிப் பாருங்கள். குரல் இடப்பக்கம் ஓடினால் அது டிலே மெனு. வலப்பக்கமே நின்றால் தூர மெனு. சில யூனிட்களில் லிசனிங் பொசிஷன் ஆஃபில் இருந்தால் இந்த மெனுவே வேலை செய்யாது, முன் வலது இருக்கை என்று முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஆங்கில வழிகாட்டிகளில் பல இடப்பக்க ஸ்டீயரிங்குக்கு எழுதப்பட்டவை. அதில் உள்ள எண்களை அப்படியே போடாதீர்கள்.

வெயிலில் நின்று 45 டிகிரிக்குச் சூடான காரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 358 மீட்டர் ஆகும். கணக்குப் போட்டால் 43 செ.மீ.க்கு 1.24 என்பது 1.20 ஆகும். யாருக்கும் காதில் விழாது, கவலை வேண்டாம்.

ஜோடி ஜோடியாகக் கேட்டுத் திருத்துதல்

கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை அணைத்து, அமைதியான இடத்தில் நிறுத்துங்கள். பேச்சுச் சத்தத்தை விடச் சற்றே கூடுதலான ஒலியளவு போதும். டோன் ஒலிக்கும்போது வால்யூமை ஏற்றவே ஏற்றாதீர்கள். பாட்டைத் தாங்கும் ட்வீட்டர், இடைவிடாத ஒரே டோனில் எரிந்துபோகும்.

முதல் ஜோடி இரண்டு வூஃபர்கள். ட்வீட்டர்களையும் சப்பையும் மியூட் செய்யுங்கள். மோனோ ஒலி (இரு பக்கமும் ஒன்றே) வேண்டும்: பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவரிசையும் கலந்த இரைச்சல்), அல்லது ஒற்றை ஆண் குரல். 1960களின் தமிழ்த் திரைப்பாட்டு இதற்கு அருமையான கருவி. அந்தப் பதிவுகள் மோனோ என்பதால் குரலும் வாத்தியமும் எல்லாமே ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். ஆனால் பிற்பாடு எதிரொலி சேர்த்து "ஸ்டீரியோ" ஆக்கி வெளியிட்ட வடிவம் உதவாது.

கண்ணை மூடிக் கேளுங்கள். வலது வூஃபரின் டிலேயை 0.05 மில்லி விநாடி படியாக, கணக்கில் வந்த எண்ணுக்கு இருபுறமும் 0.3 வரை நகர்த்துங்கள். எண் ஏற ஏறக் குரல் இடம் நோக்கிப் போகும், குறையக் குறைய வலம் வரும். ஓர் இடத்தில் குரல் குறுகி, கெட்டியாகி, டேஷ்போர்டில் ஸ்டீயரிங்குக்கும் காரின் நடுவுக்கும் இடையே ஓர் இடம் பிடித்து நிற்கும். அதுதான் வேண்டும். குரல் நடுவே வந்தாலும் பரந்து, தலையைச் சுற்றி மிதப்பது போல இருந்தால் ஒரு வூஃபரின் போலாரிட்டி தலைகீழ்.

நேரம் சரியாகி, குரல் கெட்டியாகிவிட்ட பிறகும் சற்று ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், டிலேயைத் தொடாதீர்கள், அது ஒலியளவு வேலை. பக்கத்துச் சேனலை அரை டெசிபல் படியாகக் குறையுங்கள். தூரத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 92க்கும் 135க்கும் 3.3 டெசிபல் வித்தியாசம் வரும், ஆனால் காருக்குள் எதிரொலிப்பு அதிகம் என்பதால் அவ்வளவு தேவைப்படாது. 1 முதல் 2 டெசிபலில் அடங்கிவிடும். சாய்வை டிலேயால் சரிக்கட்டினால் ஆண் குரல் நடுவில் நிற்கும், வீணை வேறெங்கோ போய்விடும்.

இரண்டாம் ஜோடி ட்வீட்டர்கள். வூஃபர்களை மியூட் செய்து இதையே திரும்பச் செய்யுங்கள். உயர் ஒலிகளில் காது நேரத்தைவிட அளவை வைத்தே திசையைப் பிடிப்பதால், இங்கே டிலேயைவிட லெவல்தான் அதிகம் பேசும்.

மூன்றாவது, ஒரே பக்கத்து வூஃபரும் ட்வீட்டரும். 3,500 ஹெர்ட்ஸின் அலைநீளம் கிட்டத்தட்ட 10 செ.மீ.; டேப்பில் 2, 3 செ.மீ. பிழை இருந்தாலே இந்த இடத்தில் ஒலி கெடும். வலது பக்கம் மட்டும் ஒலிக்க விட்டு, ட்வீட்டரின் போலாரிட்டியை டிஎஸ்பியில் தலைகீழாக்குங்கள். 3,500 சுற்றிய குறுகிய நாய்ஸ் கொடுத்து, ட்வீட்டர் டிலேயை இருபுறமும் 0.15 வரை மட்டும் நகர்த்துங்கள். சத்தம் மிகவும் குறையும் இடத்தில் நிறுத்தி, போலாரிட்டியைப் பழையபடி திருப்பினால் அங்கே இரண்டும் நன்றாகக் கூடும். தலையை அசைக்காமல் கேட்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் பதில் மாறும். பிறகு இடது பக்கம். 2.5 செ.மீ. படியில் மட்டுமே நகரும் ஹெட் யூனிட்டில் ஒரு படியே அந்த அலையில் கால் பங்கு. எனவே துல்லியம் எதிர்பார்க்காமல் கிட்டத்தில் வருவதை ஏற்றுக்கொள்ளுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும் டிஎஸ்பியில் ஒரு படி 0.02 மில்லி விநாடி, அதாவது 7 மி.மீ.

சப்வூஃபர்: பாஸை முன்னால் கொண்டுவருவது

சப்பின் டேப் அளவு ஏன் பொய்யாகிறது? 80 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டும் லோ பாஸ் ஃபில்டர், பெட்டி, சப்பின் கனமான கூம்பு எல்லாம் சேர்ந்து அதன் ஒலியைச் சில மில்லி விநாடி பின்தள்ளும். வூஃபரின் ஹை பாஸும் (80க்குக் கீழுள்ளதை வெட்டும் ஃபில்டர்) கதவும் அதே அளவு தள்ளுவதில்லை. பாஸ் டிரம் டிக்கியில் தனியாக அடிப்பது போலக் கேட்பது இதனால்தான். நேரம் பொருந்தினால் அதே அடி டேஷ்போர்டுக்கு வந்துவிடும், சப் இருப்பதே தெரியாது.

ட்வீட்டர்களை மியூட் செய்து, இரண்டு வூஃபரும் சப்பும் மட்டும் வையுங்கள். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப்பில் 80 ஹெர்ட்ஸ். முதலில் வூஃபர்கள் மட்டும், பிறகு சப் மட்டும் ஒலிக்கவிட்டு, ஒலி அளக்கும் ஆப்பில் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும்படி சப்பின் லெவலை வையுங்கள். இப்போது இரண்டையும் சேர்த்து, சப்பின் போலாரிட்டியைத் தலைகீழாக்குங்கள். முன்பக்க ஸ்பீக்கர்கள் அனைத்தின் டிலேயையும் ஒரே அளவில், 0.25 படியாக ஏற்றுங்கள். சப் ஏற்கெனவே பூஜ்யத்தில் இருப்பதால் அதை முன்னால் இழுக்க முடியாது, மற்றவற்றைத்தான் பின்னால் தள்ள வேண்டும். டிஎஸ்பியில் சேனல்களைக் குரூப் செய்யும் வசதி இருந்தால் நாலையும் கட்டிவிடுங்கள். தனித்தனியாக நகர்த்தினால் முன்னே செய்த வேலை வீண். டோன் ஏறக்குறைய காணாமல் போகும் ஓர் இடம் வரும். அங்கே நிறுத்திப் போலாரிட்டியைத் திருப்பினால் 80 ஹெர்ட்ஸ் நிறைந்து எழும்.

ஒரு பொறி இருக்கிறது. 80 ஹெர்ட்ஸின் ஒரு சுற்று 12.5 மில்லி விநாடி. தவறான சுற்றிலும் இதே மறைவு கிடைக்கும், டோனுக்கு வித்தியாசம் தெரியாது. டேப் கணக்கிலிருந்து 6 மில்லி விநாடிக்கு மேல் தள்ளி விடை வந்தால் நம்பாதீர்கள். 6ஐ ஒட்டி வந்தால் பெரும்பாலும் சப்பின் வயர் மாறியிருக்கிறது. பிறகு டோனை நிறுத்திவிட்டு, பாஸ் டிரம்மும் தவிலும் உள்ள பாட்டைப் போட்டுக் கேளுங்கள். அடி கூர்மையாக, ஒரே தட்டாக விழ வேண்டும். தட்டு முன்னால், முழக்கம் பின்னால் என்று பிரிந்து கேட்டால் சுற்று தவறு. டிக்கி மூடியும் நம்பர் பிளேட்டும் அதிர்ந்தாலும் பாஸ் பின்னாலிருந்தே வருவதாகத் தோன்றும். டேம்பிங் ஷீட் ஒட்ட வேண்டிய நோயை டிலேயில் தேட வேண்டாம்.

மைக் வைத்து அளப்பவர்களுக்கு

ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். யூஎஸ்பி அளவீட்டு மைக்கில் கணினியின் தாமதம் ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால், அதிலுள்ள அக்கூஸ்டிக் டைமிங் ரெஃபரன்ஸை (நேரம் குறிக்க ஒரு ஸ்பீக்கரில் எழுப்பும் அடையாள ஒலியை) கட்டாயம் பயன்படுத்துங்கள். அந்த அடையாள ஒலி உயர் அலைவரிசையில் இருப்பதால், ரெஃபரன்ஸுக்கு ஒரு ட்வீட்டரையே வையுங்கள். சப்பைக் கொடுத்தால் பதிலே வராது. மைக்கைத் தலையின் மையத்தில் நிறுத்தி ஒவ்வொரு ஸ்பீக்கரையும் அளந்தால் தாமத வித்தியாசம் நேரே எண்ணாக வரும். ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் இந்த எண்ணை நம்பலாம். சப்பின் இம்பல்ஸ் (ஒரு துடிப்புக்கு ஸ்பீக்கர் தரும் பதில்) உச்சி அகலமாகப் பரந்திருப்பதால் அங்கே எண்ணைப் பார்க்காமல், 80 ஹெர்ட்ஸைச் சுற்றி சப், வூஃபர் இரண்டின் ஃபேஸ் (அலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும்) கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படிகிறதா என்று பாருங்கள். ஹெட் யூனிட்டுடன் வரும் மைக்கை வைத்துத் தானே அளந்துகொள்ளும் ஆட்டோ வசதி முன்பக்கத்துக்கு நல்ல தொடக்கம் தரும், சப்பை மட்டும் காதால் மறுபடி பார்த்துவிடுங்கள்.

ஈக்வலைசர் இதற்கெல்லாம் பிறகுதான். டைமிங் சரியானதும் 400 ஹெர்ட்ஸ் பள்ளமும் 80 ஹெர்ட்ஸ் பள்ளமும் பெரும்பாலும் தானாக நிரம்பியிருக்கும், முன்பு தேவைப்பட்ட திருகல்களில் பாதி தேவைப்படாது.

இந்த டியூனிங் ஓட்டுபவருக்கு மட்டும். இடது சீட்டில் இருப்பவருக்கு முன்பைவிட மோசமாகவே கேட்கும், அதற்குப் பரிகாரமே கிடையாது. அதனால் இதை ஒரு பிரிசெட்டில் சேமித்து, இடது வலது டிலே சமமாகவும் பின்சீட் ஸ்பீக்கர்கள் திறந்தும் உள்ள இன்னொரு பிரிசெட்டைக் குடும்பத்தோடு போகும்போது வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் முன்பக்கத்துக்கும் சப்புக்கும் இடையே கண்டுபிடித்த இடைவெளியை அப்படியே விட்டுவிடலாம், பாஸ் எல்லோருக்கும் முன்னாலேயே நிற்கும். எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதி கிளவ் பாக்ஸில் போட்டுவையுங்கள். சில ஹெட் யூனிட்களில் சர்வீஸுக்குப் பேட்டரியைக் கழற்றினாலே செட்டிங் முழுக்க அழிந்துவிடும்.